சீசாவின் மேல் எழுதிய பெயர்

சென்ற மாதம் எமது ஆபீசில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர், தம் மைத்துனருக்குக் கலியாணப் பரிசாகக் கொடுப்பதற்கென்று ஒரு சென்ட் சீசா வாங்கி வந்து மேஜைமேல் வைத்தார். இத்தாலி தேசத்து ஜியார்ஜியோ ஆர்மானியின் பெயர் பொறித்த “அக்வா தி ஜோ” என்னும் சரக்கு அது. விலையைக் கேட்டதும் எங்கள் பெரிய கிராணியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். “என்னப்பா, ஒரு சீசாத் தண்ணீருக்கா இத்தனை வெள்ளி?” என்றார். அதற்கு இளைஞர், “ஐயா, இது இத்தாலிக்காரன் கைவேலை. கொடுத்த காசுக்கு நியாயம் உண்டு” என்று விடை பகர்ந்தார். அந்த விடைதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

வாசனையையே வெறுக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்லன் யான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீர்திருத்தம் பேசுவோரில் சிலர், பூ வைப்பதும் புனுகு பூசுவதும் ஆடம்பரம் என்று மேடையேறிக் கண்டிக்கிறார்கள். செம்பனைக் காட்டில் உரம் போட்டுவிட்டு வந்து குளித்த பெண் தலையில் ஒரு முழம் மல்லிகை சூடிக்கொண்டால் சமூகம் ஒன்றும் கெட்டுவிடாது. நம் வழக்கு வாசனையோடு அன்று, பெயரோடு.

“ஜோ” என்பது ஜியார்ஜியோ என்பதன் செல்லச் சுருக்கம். ஆகவே “ஜோவின் தண்ணீர்” என்று பொருள்படும். ஆர்மானி விடுமுறைக்குத் தங்கிய பாந்தெல்லேரியாத் தீவின் கடற்காற்றே சீசாவில் அடைபட்டிருப்பதாக விளம்பரக்காரர் பாடுவர். சிசிலிக்கும் துனீசியாவுக்கும் இடையே அத்தீவு இருப்பதும், அங்கே அவருக்கு வீடு இருந்ததும் வாஸ்தவமே. ஆனால் 1996இல் ஆண்களுக்கென்று வெளிவந்த இச்சரக்கைக் கூட்டியதில் முதற்பெயர் பெற்றவர் அல்பெர்ட்டோ மொரில்லாஸ்; ஸ்பெயின் தேசத்தில் பிறந்தவர்; ஜெனீவாவிலுள்ள பிர்மெனிக் என்னும் ஸ்விஸ் கம்பெனியின் வாசனை நிபுணர். அதிலே கடல் மணம் தரும் கலோன் என்னும் இரசாயனப் பொருளை 1966இல் கண்டறிந்தது, மருந்து செய்யும் பைசர் என்னும் அமெரிக்கக் கம்பெனி. சீசாவைச் செய்து விற்கிறது லோரியால் என்னும் பிரெஞ்சுக் கம்பெனி; 1988 முதல் அந்த உரிமை அதனிடம் இருக்கிறது; 2018இல் அது 2050 வரை நீட்டப்பட்டது. சீசாவுக்குள்ளே பெரும்பாகம் எரிசாராயம். சாராயக் கடையை மூடச் சொல்லி ஊர்வலம் போனவர்கள் நாம் என்பது நினைவுக்கு வருகிறது, போகட்டும். இதில் இத்தாலி எங்கே? கைவேலை எங்கே? மூடியின் கீழே எழுதிய இரண்டு சொற்களில் மட்டுமே இருக்கிறது.

அப்பெயருக்கு உரியவர் போலியானவர் என்று யான் சொல்ல வரவில்லை. 1934இல் பியாச்சென்சாவில் பிறந்து, வைத்தியப் படிப்பை நடுவில் விட்டு, மிலான் நகரத்து ல ரினாஷெந்தே என்னும் பெருங்கடையில் வேலை பார்த்து, பின்பு செர்ருத்தியிடம் தொழில் பழகி, 1975இல் நண்பர் செர்ஜியோ கலெயோத்தியுடன் சொந்தக் கம்பெனி தொடங்கியவர் ஆர்மானி. கோட்டுக்குள்ளே அட்டைபோல் விறைத்து நின்ற உள்துணியை எடுத்தெறிந்து, உடம்போடு இசைந்து தொங்கும்படி தைத்துக் காட்டினார். அது மெய்யான திறமை. அத்திறமையினால் ஏற்பட்ட மதிப்பே சீசாவுக்கும் விலையாகிறது. எனவே அம்மதிப்பின் கீழே வேலை எவ்விதம் நடந்தது என்று கேட்க, சீசா வாங்குகிறவனுக்கும் பாத்தியதை உண்டு.

2024 ஏப்ரலில் மிலான் நீதிமன்றம், ஆர்மானி ஆப்பரேஷன்ஸ் என்னும் கிளைக் கம்பெனியை ஓராண்டுக்கு நீதிமன்ற மேற்பார்வையின் கீழ் வைத்தது. கைப்பை தைக்கும் வேலையைக் கம்பெனி ஒரு காண்டிராக்டரிடம் கொடுத்தது. காண்டிராக்டர் அதைச் சீனர் நடத்தும் சிறு பட்டறைகளுக்கு மறுகாண்டிராக்ட் விட்டார். பட்டறைகளில் தொழிலாளர் மணிக்கு 2 அல்லது 3 யூரோக் கூலிக்குத் தைத்தனர். பட்டறையிலிருந்து 93 யூரோவுக்கு வாங்கிய பை, 250 யூரோவுக்கு ஆர்மானியிடம் போய், கடையில் சுமார் 1,800 யூரோவுக்கு விலைபோயிற்று என்று விசாரணையில் வெளிவந்தது. அதே ஆண்டு ஜூனில் டியோர் கம்பெனியின் இத்தாலியக் கிளைக்கும் இதே கதி நேர்ந்தது. அங்கே, எந்நேரமும் ஆள் கிடைக்க வேண்டும் என்பதற்காகத் தொழிலாளர் வேலைத்தலத்திலேயே உறங்கியதையும், வேகம் கூடுவதற்காக யந்திரங்களின் காப்புக் கருவிகள் கழற்றப்பட்டிருந்ததையும் நீதிமன்றம் எழுதிவைத்தது. இத்தாலியில் செய்தது என்னும் முத்திரை பொய்யன்று. இத்தாலியில்தான் செய்தார்கள், இவ்விதம் செய்தார்கள்!

கம்பெனியின் பக்கத்தையும் சொல்லாவிடில் யோக்கியமாகாது. கம்பெனியின் மேல் கிரிமினல் குற்றம் சாட்டப்படவில்லை. காண்டிராக்டர்களைச் சரிவரக் கண்காணிக்கத் தவறியது என்பதே நீதிமன்றத்தின் கண்டிப்பு. கம்பெனி தன் முறைகளைத் திருத்திக்கொண்டதால் 2025 பிப்ரவரியில், குறித்த தவணைக்கு முன்பே, மேற்பார்வை நீக்கப்பட்டது. “அப்படியானால் அவர்களுக்குத் தெரியாமல் நடந்ததுதானே?” என்றார் நம் இளைஞர், இவ்வளவும் கேட்டபின்.

தெரியாமல்! இந்தச் சொல்லைப் பற்றி ஒரு தோட்டக் கிராணிக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. பதின்மூன்று வருஷமாக யான் கணக்கெழுதுகிறேன். மாதக் கடைசியில் காண்டிராக்டர் பில் கொண்டுவருவார். இத்தனை டன் குலை, டன்னுக்கு இவ்வளவு என்று இருக்கும். கூட்டல் சரியா என்று பார்ப்பேன், இனிஷியல் போடுவேன். குலை வெட்டியவன் இந்தோனேசியனா வங்காளதேசத்தானா, அவன் கைக்கு எவ்வளவு போயிற்று, அவன் பாஸ்போர்ட் யாருடைய பெட்டியில் இருக்கிறது என்பவற்றிற்குப் பாரத்தில் கட்டம் கிடையாது. யானும் கேட்டதில்லை. கேட்டால் தெரிந்துவிடும், தெரிந்தால் எழுத வேண்டி வரும், எழுதினால் மானேஜர் படிக்க வேண்டி வரும். எங்கள் பாட்டன்மார் காலத்தில் கங்காணி தலைக்காசு பெற்றுக்கொண்டு ஆள் காட்டினார். துரைக்கு ஆளின் பெயர் வேண்டியிருக்கவில்லை, எண்ணிக்கை போதுமாயிருந்தது. மிலானில் பட்டுத்துணி விரித்த மேஜைமேல் வந்த பில்லும் இதே ஜாதியைச் சேர்ந்ததாகத்தான் இருந்திருக்க வேண்டும். தெரியாமை என்பது தற்செயலாய் உண்டாவதன்று. பாரத்தை அச்சடிக்கும்போதே அதுவும் சேர்ந்து அச்சாகிவிடுகிறது. 93 யூரோவுக்கு ஒரு பை எப்படி முடியும் என்று கணக்குத் தெரிந்த ஒருவர்கூடவா அக்கம்பெனியில் இல்லை?

2025 ஆகஸ்டில் இத்தாலியப் போட்டி ஆணையம் ஆர்மானி கம்பெனிகளுக்கு 35 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. தொழிலாளர் நலத்தையும் சமூகப் பொறுப்பையும் பற்றிக் கம்பெனி பறைசாற்றியது உண்மை நிலைக்குப் பொருந்தவில்லை என்பது காரணம். கம்பெனி அப்பீல் செய்வதாகச் சொல்லிற்று. கிராணி புத்தி சும்மா இருக்குமா? வகுத்துப் பார்த்தேன். கடை விலையில் 1,945 பை விற்றால் அபராதம் தீர்ந்துவிடும்.

அதற்கடுத்த மாதம், செப்டம்பர் 4ஆம் தேதி, ஆர்மானி தமது 91ஆம் வயதில் காலமானார். உயிரோடிருந்த வரையில் கம்பெனியைப் பிறர் கையில் விடாதவர், தம் உயிலில் முதலில் 15 சதவீதப் பங்கை விற்க வேண்டும் என்றும், வாங்குவதற்கு முன்னுரிமை பெறத் தக்கவர்களுள் லோரியாலும் ஒன்று என்றும் எழுதிவைத்திருந்தார். பெயரை வாடகைக்கு எடுத்துச் சென்ட் விற்றவர்களுக்கே வீட்டிலும் ஒரு பங்கு போகலாம். அப்பொழுதும் நம்மவர் “இத்தாலிக்காரன் கைவேலை” என்றே வாங்குவர்.

சீசாவை உடைத்தெறியும்படி இளைஞரிடம் யான் சொல்லவில்லை. பரிசைக் கொடுங்கள், தம்பி, ஆனால் கொடுக்கும்போது அந்த வாக்கியத்தை மட்டும் சொல்லாதீர்கள் என்றேன். அவருக்குக் கோபம். “காண்டிராக்டர் பில்லில் இனிஷியல் போடுகிற அண்ணனா எனக்குச் சொல்வது?” என்று கேட்டுவிட்டார். கேட்டது நியாயமே. அதனால் இம்மாதப் பில்லில் கோல் வைத்து ஒரு கட்டம் கூடுதலாகக் கோடு போட்டு, அதன் தலைப்பில் “ஆளுக்குக் கொடுத்த கூலி” என்று எழுதிக் காண்டிராக்டரிடமே திருப்பி அனுப்பியிருக்கிறேன். இன்று பதினொரு நாளாகிறது, பில் திரும்பவில்லை. மானேஜர் இரண்டு தடவை விசாரித்துவிட்டார். இப்பத்திரிகையை வாசிக்கும் மற்றத் தோட்டத்துக் கிராணிமார், தங்கள் பாரத்தில் அப்படியொரு கட்டம் உண்டா என்பதை ஆசிரியருக்கு எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.