கருவிக்குத் தெரியாத கறுப்பு

லேசர் முடிநீக்கம் செய்துகொள்ளலாமா என்று தோழிகள் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? மீசை அரும்பிய பெண்ணைக் கேலி பேசும் ஊரில் அவள் எடுக்கும் முடிவு அவளுடையது. என் கோபமெல்லாம் உண்மையை மறைத்துக் காசு பார்க்கும் கிளினிக்குகள் மீதுதான்.

லேசர் ஒளியை முடியிலுள்ள மெலனின் உறிஞ்சுகிறது. அந்தச் சூட்டில் வேர்க்கால் கருகுகிறது. நம் தோலின் கறுப்பும் அதே மெலனின்தான். 1990களில் சந்தைக்கு வந்த 694 நானோமீட்டர் ரூபி லேசர், வெள்ளைத் தோலும் கறுத்த முடியும் உள்ளவர்களுக்கே பொருந்தியது. கறுத்த தோலில் பட்டால் கொப்புளம், தழும்பு, திட்டுத்திட்டாக நிறமாற்றம். ஃபிட்ஸ்பாட்ரிக் 1975இல் வகுத்த தோல் அளவுகோலிலும் முதலில் வெள்ளைத் தோல் வகைகள் மட்டுமே; பழுப்பும் கறுப்பும் பிறகு சேர்க்கப்பட்டவை. (வரிசையில் கடைசியாக நிறுத்தப்படுவது நமக்குப் புதிதா என்ன!)

நம் தோலுக்கு ஓரளவு பாதுகாப்பானது 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர். மேல்தோலின் மெலனின் அதைக் குறைவாகவே உறிஞ்சும். எந்தக் கருவி, இயக்குபவர் யார், முதலில் சிறு இடத்தில் சோதித்துப் பார்ப்பீர்களா என்று கேளுங்கள். ‘நிரந்தரம்’ என்றால் சிரியுங்கள்: அமெரிக்காவின் எஃப்டிஏ ஒப்புக்கொள்வது நிரந்தரக் குறைப்பை மட்டுமே.

மணமகள் தேவை விளம்பரத்தில் சாதிக்குப் பக்கத்திலேயே ‘சிவந்த நிறம்’ என்று அச்சிடும் சமூகம் இது. அந்தத் துணிச்சலில்தான், புண்பட்டுத் திரும்பிவரும் பெண்ணிடம் “உங்க ஸ்கின் டோன் அப்படி” என்று கைவிரிக்கிறார்கள். பணம் கட்டும்போதும் அவள் அதே நிறத்தில்தானே இருந்தாள்?