ஊர் எனப்படாத ஊர்கள்

நம் நாட்டின் குடிசன மதிப்பீட்டில் மக்கள் வாழும் இடங்கள் மூன்றாகப் பகுக்கப்படுகின்றன: நகரம், கிராமம், தோட்டம். இருபது ஏக்கருக்குக் குறையாத பெருந்தோட்டமாய், பத்துத் தொழிலாளரேனும் குடியிருப்பதாய் இருப்பின் அது தோட்டம் என்ற வகுப்பிற் சேரும். முதலிரண்டு சொற்களும் மனிதர் கூடிவாழும் முறையைக் குறிப்பன. மூன்றாவதோ ஒரு சொத்தின் பெயர். பதுளை மாவட்டத்தில் 2012ஆம் ஆண்டுக் கணக்குப்படி எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் இருந்தனர். அவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தமிழர். அத்தமிழருட் பெரும்பாலோர் தம் பிறப்பையும் இறப்பையும் இந்த மூன்றாவது பெயரின் கீழ்ப் பதிந்தவர்கள்.

ஊவாவின் நிலம் முதலிற் புல்வெளி நிலம். வெலிமடையிலிருந்து பண்டாரவளை வரை அலையலையாய்க் கிடக்கும் குன்றுகளிற் பெருமரங்கள் அரிது. சிங்களத்திற் 'பத்தன' எனப்படும் அப்புல்வெளிகளில் அயற் கிராமத்தாரின் மாடுகள் மேய்ந்தன. 1818ஆம் ஆண்டில் ஊவாக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட கொடுமையை அம்மக்கள் மறந்தாரல்லர். அதன் பின்னர் 1840ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, உரிமைச் சான்று காட்டவியலாத நிலமெல்லாம் முடிக்குரியது என்றது. முதலிற் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் அந்நிலத்தை மூடின. ஆக, ஒரு கிராமத்தார் இழந்த புல்வெளியில், அதனை ஒருநாளும் உடைமையாய்ப் பெறாத வேறொரு மக்களின் ஊர் வளர்ந்தது. இவ்விரு சாராரையும் எதிரிகளாக்கிப் பேசுவோர் இவ்வரலாற்றின் பாதியை மட்டுமே படித்தவர்கள் என்பேன்.

உலகின் மற்றொரு புல்வெளியை நினைத்துப் பார்ப்போம். வட அமெரிக்காவின் பெருஞ் சமவெளிகளிற் குடியேறியவனுக்கு, ஐக்கிய அமெரிக்காவின் 1862ஆம் ஆண்டுச் சட்டம் 160 ஏக்கர் தந்தது. ஐந்தாண்டு அங்கே வாழ்ந்து பயிர் செய்தால் நிலம் அவனுக்கே சொந்தம். புகைவண்டி நிலையம், தானியக் களஞ்சியம், ஒரு தேவாலயம், ஒரு பள்ளி, இவற்றைச் சுற்றிச் சிற்றூர்கள் எழுந்தன. அங்கும் பழங்குடிகள் தம் நிலத்தை இழந்தனர் என்பதை மறைத்தல் தகாது. ஆயினும் வந்தேறியவன் ஐந்தாண்டிற் காணிக்காரன் ஆனான். நம் மலைநாட்டுக்கு வந்தவர்களோ ஐந்து தலைமுறை கழிந்த பின்னும் லயக்காம்பராவின் சுவரில் ஓர் ஆணி அறைவதற்கும் அனுமதி கேட்கும் நிலையில் இருந்தனர்.

எனினும் ஊருக்குரிய இலக்கணங்கள் யாவும் தோட்டத்துக்கு உண்டு. விடியலிற் பெரட்டு, பின்னர் மலைக்குச் செல்லும் பெண்களின் வரிசை, குழந்தைகளுக்குப் பிள்ளைக்காம்பரா, மாலையிற் கொழுந்து நிறுக்கும் மடுவம். ஆடி ஆவணியில் வீசும் வறண்ட காற்றே ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணத்தை ஊட்டுகிறது. கொழும்பு ஏலத்தில் அந்த மணத்துக்கு விலை உண்டு; அக்காற்றில் உதடு வெடிக்கக் கொழுந்து பறித்தவளுக்கு அவ்விலையில் எத்துணைப் பங்கு என்பது ஒவ்வொரு சம்பளப் பேச்சிலும் எழுந்து அடங்கும் வினா.

மாரியம்மன் திருவிழாவும் மாசியிற் காமன் கூத்தும் இவ்வூர்களின் ஆண்டுக்கணக்கு. மன்மதன் எரிந்து மீளும் அக்கதையை நாட்கணக்கில் நடத்தும் கலைஞர்கள் பகலிற் கவ்வாத்து வெட்டியவர்களே. பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகியவையும் அப்படியே. ஒரு சாவு நேர்ந்தால் தப்பு முழங்கும். லயங்கள் அனைத்தும் அவ்வீட்டு முற்றத்திற் கூடும். பட்டணத்து அடுக்குமாடியிற் பக்கத்து வீட்டாரின் பெயரறியாது வாழும் நம்மில் எத்தனை பேர் இதனினும் மேலான ஊரில் வாழ்கிறோம்?

தோட்டத்தார் வழங்கும் சொற்களையும் கவனித்தல் வேண்டும். அயலிலுள்ள சிங்களக் கிராமம் அவர்களுக்கு 'நாடு'. 'ஊர்' என்றால் பழைய தலைமுறையினருக்கு அது சேலம், திருச்சி மாவட்டங்களிற் பாட்டன் விட்டுவந்த இடம். தாம் வாழும் இடம் மட்டும் 'தோட்டம்'. நாடு பிறருடையது, ஊர் கடலுக்கு அப்பால். ஆயினும் அதே மக்கள், நிருவாகம் சூட்டிய பெயர்களைத் தம் நாவுக்கேற்ப மாற்றித் தமிழ்ப் பெயர்களை வழங்கினர். பதுளைக்கு அண்மையிலுள்ள தெல்பெத்தை அவர்கள் வாயிற் 'தெளிவத்தை' ஆயிற்று; ஜோசப் என்ற எழுத்தாளர் அதனைத் தம் பெயரின் முன் நிறுத்தி இலக்கியத்தில் இடம்பெறச் செய்தார். 2022இல் அவர் மறைந்தபோது தமிழுலகம் முழுதும் ஒரு தோட்டத்தின் பெயரைச் சொல்லியே இரங்கியது.

தம்மைத் தாமே ஆள அறியாதவர்கள் என்று இவர்களைச் சொன்னோர் உண்டு. 1940இல் பதுளை வேவெஸ்ஸத் தோட்டத்தில் நிகழ்ந்தது அதற்கு விடை. வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தெரிந்தெடுத்தனர். அச்சபையைக் கலந்தே நடப்பதாகத் துரை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அதுவன்றோ ஊராட்சி! ஆனால் அந்நாளைய கிராமச் சபைகளில் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கு வாக்கு இல்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் பிரசாவுரிமையையே பறித்தது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே, எஞ்சியோர் பின்னர் என்று பங்கிட்டது. ஒரே லயத்தின் அடுத்தடுத்த காம்பராக்கள் இரு நாடுகளாயின. சென்றவர்களிற் பலர் நீலகிரியின் கோத்தகிரியிலும் கூடலூரிலும் மறுபடி தேயிலைக்கே ஆளாயினர். நாடற்றவராய் எஞ்சியோர்க்கு 2003இற்றான் சட்டம் வழி திறந்தது.

அதன் பின்னும் தோட்டம் ஊராகவில்லை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் பணம் தோட்டத்தினுட் செல்வதற்குத் தடையாய் நின்றது. தோட்டத்தார் வாக்களிப்பர், அவர்களுள் ஒருவரே சபையில் உறுப்பினராயும் அமர்வார். ஆனால் தம் லயத்துக்குச் செல்லும் பாதைக்கு ஒரு கூடைக் கல் போட அவரால் இயலாது. 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. முப்பத்தோராண்டு பிந்திய திருத்தம். ஆயினும் நல்ல திருத்தம்.

கடிதச் செய்தி சிறிதெனத் தோன்றும். லயத்துக்கு வீட்டிலக்கமோ வீதிப் பெயரோ இல்லை. அஞ்சல் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, யாரேனும் கொண்டு போனால் உண்டு. நான் அப்பகுதியில் ஆசிரியப் பணி புரிந்த காலத்தில் என் மாணவர் ஒருவருக்கு நேர்முகத் தேர்வுக் கடிதம் தேர்வு முடிந்து நான்கு நாட்களின் பின்னர்க் கிடைத்தது. அவர் எவரையும் நோகவில்லை. நான் நொந்தேன்.

இவை அனைத்தும் இன்று அவசரப் பொருளாகிவிட்டமைக்குக் காரணம் மண். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அவ்விடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் எச்சரித்திருந்தனர். எங்கே போவது? போவதற்குச் சொந்தக் காணி வேண்டுமே. தப்பியவர்கள் ஏறத்தாழ இரண்டாண்டு ஒரு பழைய தேயிலை ஆலையில் ஒதுங்கியிருந்த பின்னரே வீடு பெற்றனர். 2025 நவம்பரில் டித்வா புயல் இலங்கையில் 600க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. மிகவும் நொந்த மாவட்டங்களுட் பதுளையும் ஒன்று. எச்சரிக்கை கிடைத்தும் நகர இடமில்லாதவனுக்கு மழைமானியால் என்ன பயன்?

வீடு கட்டித் தருவோம் என்ற குரல் இப்போது பல திசையிலும் கேட்கிறது. ஏழு பேர்ச் காணியிலே தனிவீடு என்பது லயத்தினும் மேலானதே, மறுப்பாரில்லை. ஆனால் தோட்ட நிலம் அரசுக்குரியது. 1992இற்குப் பின் கம்பெனிகளின் கையில் நீண்ட குத்தகையாய் இருப்பது. உறுதி எழுதப்படாத வீடு பெயர் மாறிய காம்பராவே. காணி கொடுத்தால் தொழிலாளர் வேலையை விட்டுப் போய்விடுவர் என்று அஞ்சுவோர், காணி கொடாத இத்தனை ஆண்டுகளில் இளைஞர் கொழும்புக் கடைகளுக்கு ஏன் போயினர் என்பதற்கு விடை சொல்லட்டும். உறுதியிற் கணவன் பெயரோடு மனைவியின் பெயரும் இருத்தல் வேண்டும்; கொழுந்துக் கூடையைச் சுமந்தவள் அவள்.

புதிய குடியிருப்புகளின் வரைபடங்களில் வீடுகள் ஒரே அளவிற் பெட்டி பெட்டியாய் நிற்பது வழக்கம். அவற்றைப் பார்வையிட வாய்ப்புள்ள ஆசிரிய நண்பர்களிடம் நான் ஒன்று சொல்லி வருகிறேன்: வீடுகளை எண்ணுவதற்கு முன், அஞ்சற்காரன் வரும் பாதைக்கு ஒரு பெயரும், சுடுகாட்டுக்கு ஒரு மூலையும், காமன் பொட்டலுக்குச் சிறிது வெளியும் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.