மலிவுப் பயணமும் மறைந்த கணக்கும்

பட்டம் பெற்ற இளைஞர் இருவர் முதுகுப் பையைச் சுமந்துகொண்டு ஐரோப்பாவைப் புகையிரதத்திற் சுற்றிவருதல் இன்று ஒருவகைத் தீட்சையாகவே மதிக்கப்படுகின்றது. அத்தகைய பயணங்களைப் பற்றி எழுதுவோர் புறப்படும் இடத்தால் வேறுபடினும், வந்துசேரும் முடிபால் வேறுபடுவதில்லை. பணம் பெரிதன்று, மனமே பெரிது. துணிந்தவனுக்கு உலகம் திறந்தே கிடக்கின்றது என்பதே அம்முடிபு. கேட்பதற்கு இனிய கூற்றுத்தான். ஆயின் அது பொய். அப்பொய்யை நம்பி, வீட்டில் இருக்கும் இளைஞன் தன்னைக் கோழையென எண்ணிக்கொள்கிறான். பயணம் போய்வந்தவன் தன்னை வீரனென எண்ணிக்கொள்கிறான். ஆகவே அதனை மறுத்துரைப்பது அவசியமாகின்றது.

முதலில் ‘மலிவு’ என்பது யாதென நோக்குவோம். 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலப் பிரபுக்களின் புதல்வர் கல்வி முடிவில் ஆசிரியர் ஒருவரையும் ஏவலாளரையும் உடன்கொண்டு பாரிஸ், வெனிஸ், ரோமாபுரி முதலிய நகரங்களுக்குச் செல்வது வழக்கம். ‘பெருஞ் சுற்றுலா’ எனப்பட்ட அப்பயணம் மாதக்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கில் நீடித்தது. அதன் செலவைப் பிரபுவின் நிலத்தை உழுத குத்தகைக் குடியானவன் சுமந்தான். அன்று கணக்கு வெளிப்படையாக இருந்தது. பிரபுவின் மகன் தன் செல்வத்தைக் காட்டிப் பெருமைப்பட்டானேயன்றித் தன்னைச் சிக்கனக்காரன் என்று கூறிக்கொள்ளவில்லை.

அச்சலுகை சாதாரண வீட்டுப் பிள்ளைகளின் கைக்கு எட்டியதற்குக் காரணம் தனிமனிதத் துணிவன்று. 1972இல், சர்வதேசப் புகையிரத ஒன்றியத்தின் ஐம்பதாவது ஆண்டு நிறைவையொட்டி, ‘இன்ரர்ரெயில்’ என்னும் ஒரு மாதப் பயணச்சீட்டு அறிமுகஞ் செய்யப்பட்டது. 21 வயதுக்குட்பட்டோர் அதனைக் கொண்டு 21 நாடுகளில் இரண்டாம் வகுப்பிற் பயணஞ் செய்யலாம். தத்தம் நாட்டிற் பாதிக் கட்டணஞ் செலுத்தினாற் போதும். வயதெல்லை பின்னர் 26 ஆக உயர்ந்து, 1998இல் நீக்கப்பட்டது. இச்சீட்டை வழங்க முன்வந்த புகையிரத சேவைகள் பெரும்பாலும் அரசுகளின் உடைமைகள். வரி செலுத்திய மக்களின் பணத்தில் நடந்தவை. இளைஞன் கொடுக்காத மிகுதிக் கட்டணத்தைத் தொழிலாளியும் விவசாயியும் எழுதுவினைஞனும் கொடுத்தனர். இவ்வாறு பலர் சேர்ந்து ஈந்ததையே நம் பயணக் கட்டுரையாளர் ‘என் சிக்கனம்’ என்று பெயர் மாற்றி எழுதுகின்றனர்.

தங்குமிடத்தின் வரலாறும் இதுவே. 1909இல் ஜேர்மனியிற் பாடசாலை மாணவருடன் கால்நடையாகச் சென்ற றிச்சார்ட் ஷிர்மான் என்ற ஆசிரியர் புயல் மழைக்குப் பள்ளிக்கூடமொன்றில் ஒதுங்க நேர்ந்தது. விடுமுறைக்காலத்திற் பூட்டிக்கிடக்கும் பள்ளிகளை நடைப்பயணிகளுக்குத் திறந்துவிட்டாலென்ன என்று அவ்விரவில் அவர் எண்ணினார். அந்த எண்ணத்திலிருந்தே இளைஞர் விடுதிகள் தோன்றின. ஏழைப் பிள்ளைகளும் நாடு காணவேண்டும் என்னும் ஓர் ஆசிரியரின் கவலை அவற்றுக்கு அத்திவாரமாயிற்று. தண்டவாளத்துக்கோ அதனினும் கொடிய அத்திவாரம் உண்டு. 1872 முதல் 1882 வரை சுவிற்சர்லாந்திற் குடையப்பட்ட, ஏறத்தாழ 15 கிலோமீற்றர் நீளமான கொத்தார்ட் சுரங்கத்தில் வேலைசெய்தோருட் பெரும்பாலோர் இத்தாலியக் கூலிகள். சுமார் 200 பேர் அங்கு மாண்டனர். 1875இல் அவர்கள் வேலைநிறுத்தஞ் செய்தபோது துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். அல்ப்ஸ் மலைக் காட்சியை ‘இலவசமாக’ இரசித்ததாக எழுதுவோர் இந்தக் கணக்கையும் சேர்த்து எழுதுதல் தகும்.

பொதுமக்கள் கட்டியெழுப்பியதைப் பொதுமக்கள் காவாதுவிடின் அது சிதையும் என்பதற்கும் ஐரோப்பியப் புகையிரதமே சான்று. வறிய பயணிக்கு இரவுப் புகையிரதம் வாகனமாகவும் விடுதியாகவும் அமைந்தது. ஒரு சீட்டில் ஊரும் கடக்கும், உறக்கமும் கிடைக்கும். ஜேர்மன் இரயில்வே தன் படுக்கைப் பெட்டிச் சேவையை 2016 டிசெம்பரில் முற்றாகக் கைவிட்டது. அவுஸ்திரிய இரயில்வே அதிற் சில தடங்களைப் பொறுப்பேற்றது. 2023 டிசெம்பரில் பாரிஸ் – பேர்லின் இரவுச் சேவை மீண்டும் உயிர்பெற்றபோது பலரும் மகிழ்ந்தனர். பிரெஞ்சு அரசு தன் மானியத்தை நிறுத்தவே, 2025 டிசெம்பரில் அவுஸ்திரிய இரயில்வே அத்தடத்திலிருந்து விலகிக்கொண்டது. மறுபுறத்தில், 2003ஆம் ஆண்டின் ஐரோப்பிய எரிசக்தி வரிக் கட்டளை வணிக விமான எரிபொருளுக்கு வரிவிலக்கு அளித்தது. விமானச் சீட்டு மலிவானதற்குச் சந்தைப் போட்டி ஒன்றே காரணமென்போர் இவ்விலக்கை மறந்துவிடுகின்றனர்.

இனி, ‘திறந்து கிடக்கும் உலகம்’ என்பதற்கு வருவோம். இவ்விடத்தில் என் அனுபவம் ஒன்றைக் கூறுதல் தவிர்க்கமுடியாதது. 2025இல் இங்கிலாந்திற் பட்டப்படிப்பை முடித்த கையோடு நானும் என் நண்பன் ஒருவனும் இத்தகைய பயணமொன்றை மேற்கொண்டோம். அவன் யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு இலண்டனிற் பிறந்தவன். இருவரும் ஒரே விலைக்கு ஒரேவகைச் சீட்டு வாங்கினோம். ஒரே பாணைப் பிய்த்து உண்டோம். ஒரே நிலைய வாங்கில் மாறிமாறித் தூங்கினோம். ஆயின் எங்கள் பயணம் ஒன்றல்ல. பிரித்தானியக் கடவுச்சீட்டு உடைய அவனுக்கு விசா வேண்டியிருக்கவில்லை. எனக்கோ 90 யூரோ கட்டணம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி, வங்கிக் கணக்குக் கூற்று, தங்குமிடங்களின் பதிவு, நாள்வாரியான பயணத் திட்டம் ஆகிய யாவும் வேண்டியிருந்தன. நினைத்த நிலையத்தில் ஏறி நினைத்த நிலையத்தில் இறங்குவதே அச்சீட்டின் சிறப்பு. எந்த இரவு எந்த ஊரிற் படுப்பேன் என முன்கூட்டியே எழுதிக் கொடுத்தவனுக்கு அச்சிறப்பினால் ஆவதென்ன? “இந்தச் சிற்றூர் அழகாயிருக்கிறது, இறங்கிவிடுவோமா மச்சான்?” என்று அவன் கேட்ட ஒவ்வொரு தடவையும் என் மனம் விசா அலுவலகத்துக்குக் கொடுத்த பட்டியலையே நாடியது. இறங்கினாற் குற்றமாகாது என்று அவன் கூறினான்; அது உண்மையாகவும் இருக்கலாம். அச்சமின்றி இருப்பதற்கான உரிமையும் கடவுச்சீட்டோடு சேர்த்தே வழங்கப்படுகின்றது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

ஓர் எல்லையில் பொலிசார் ஏறினர். பெட்டி நிறையப் பயணிகள் இருந்தும் எம்மிருவரிடமே முதலில் வந்தனர். நிறத்தில் நாம் சமமாயிருந்தோம். நண்பனின் கடவுச்சீட்டு நொடிப்பொழுதில் திரும்பியது. என்னுடையது தாள் தாளாகப் புரட்டப்பட்டது. அதன்பின் நெடுநேரம் அவன் பேசவில்லை. “நானும் உன்னைப் போலத்தான் என்று நினைத்திருந்தேன்” என்று ஈற்றிற் கூறினான். அவனிலும் என்னிலும் துணிவு கூடியவர் யார் என்பது அங்கே ஆராயப்படவில்லை.

1985 யூன் 14இல் ஐந்து நாடுகள் லக்சம்பேர்க்கின் ஷெங்கன் என்னும் சிற்றூரருகே மொசெல் நதியிற் கைச்சாத்திட்ட உடன்படிக்கை 1995 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. உள்ளெல்லைகளைத் தளர்த்திய அதே ஏற்பாடு வெளியெல்லையை இறுக்கியது. உள்ளெல்லைகளும் நிரந்தரமாகத் திறந்திருக்கவில்லை. 2024 செப்ரெம்பர் 16இல் ஜேர்மனி தன் நில எல்லைகள் எல்லாவற்றுக்கும் சோதனைகளை விரிவாக்கியது. இதற்கு மாறாக, நமது மலையகப் புகையிரதத்தின் வாயிலில் நின்று படமெடுக்கும் ஐரோப்பிய இளைஞனை எண்ணிப் பாருங்கள். அவன் இணையத்தில் விண்ணப்பித்து அனுமதி பெற்று வருகிறான்; நம்மக்கள் வரிப்பணத்தில் ஓடும் பெட்டியிற் சில நூறு ரூபாவுக்கு மலையேறுகிறான்; ஊர் திரும்பித் தன் துணிவைப் பற்றி எழுதுகிறான். அவனை நாம் வெறுக்கவேண்டியதில்லை. அவன் வரவு நமக்கு மகிழ்ச்சியே. அவனது பயணம் போல நமதும் எளிதாகவேண்டும் என்பதே நம் கோரிக்கை.

இவ்வாதத்தைப் பொறாமையென ஒதுக்குவோர் உளர். பயணத்தால் மனம் விரிவதில்லையா எனவும் அவர்கள் வினவுவர். விரிகிறது, மறுப்பாரில்லை. அறியாத மொழி பேசும் மூதாட்டி தன் பழத்தில் பாதியை அறுத்து நீட்டியதும், நள்ளிரவில் நிலையக் காவலாளி எம்மை விரட்டாது விட்டதும் எந்த வகுப்பறையிலும் நான் கற்காத பாடங்கள். அவை நல்லவை என்பதாலேயே ஒருசிலருக்கு மட்டும் உரியவையாக இருத்தல் தகாது. இதனை ஐரோப்பியரே ஒருவாறு ஏற்றுக்கொண்டுள்ளனர். 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் 18 வயது இளைஞர்களிற் பல்லாயிரவரைத் தெரிந்து இலவசப் பயணச்சீட்டு வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. பயணம் கல்வியின் கூறு. ஆகவே பொதுப்பணத்தில் வழங்கத்தக்கது என்பதே அதன் பொருள். கொள்கை சரியானது. கொள்கையின் வேலி எங்கே போடப்பட்டுள்ளது என்பதே வினா.

ஆகவே பயணஞ் செய்யும் நம் மாணவருக்கு ஒன்று கூறுவேன். போய் வாருங்கள், நிறையப் பாருங்கள், திரும்பி வந்து எழுதுங்கள். எழுதும்போது முழுக் கணக்கையும் எழுதுங்கள். சீட்டின் விலையோடு விசாவின் விலையையும், கண்ட காட்சியோடு காத்திருந்த வரிசையையும், உங்களை ஏற்றிச்சென்ற தண்டவாளத்தை இட்டவனையும் எழுதுங்கள். துணிவில்லாமையால் வீட்டிலிருக்கிறான் என்று எவனையும் எழுதாதீர்கள். அவன் கையில் இருக்கும் கடவுச்சீட்டை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். காரணம் அதன் அட்டையிலேயே அச்சிடப்பட்டிருக்கும்.