எஞ்சினைக் குளிப்பாட்டலாமா?



புதிய கார் வாங்கிய பங்கு மக்கள் அதனை ஆலய முற்றத்தில் நிறுத்தி நம்மை அழைப்பதுண்டு. நாமும் செபித்துத் தீர்த்தம் தெளிக்கிறோம். தெளிப்பவை சில துளிகளே. அந்த அளவை ஒருமுறை மறந்ததனால் நேர்ந்ததை இம்மாதம் சொல்ல விழைகிறோம்.

நாம் இராஜபாளையத்தில் பங்குப் பணியாற்றிய நாள்களில், திருவிழாவுக்கு முந்திய சனிக்கிழமை மாலை, பங்கு இல்லத்துக் காரைக் கழுவப் பீடச் சிறுவர் வந்தனர். முன்மூடியைத் திறந்தபோது எண்ணெய்ப் பிசுக்கின் மேல் தூசியும் பஞ்சிழையும் காய்ந்த வேப்பிலையும் அப்பிக் கிடந்தன. நூற்பாலை நகரில் அது வியப்பன்று. "சாமி, இதையும் கழுவிரட்டுமா?" என்றனர். "தாராளமாக" என்றோம். குழாய்நீர் சீறிப் பாய்ந்தது. எஞ்சின் கருங்கல் சிலைபோல் மின்னியது. திண்ணையில் நின்று மெச்சினோம்.

அன்றிரவு பதினொன்றரை மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தொலைபேசி அழைப்பு. மருத்துவமனையிலிருந்த நம் பங்கின் முதியவர் பாவசங்கீர்த்தனம் செய்ய நம்மைத் தேடுவதாக அவர் மகன் சொன்னார். காரில் அரைமணி நேரம்கூட ஆகாத வழி. சாவியைத் திருப்பினோம். எஞ்சின் இருமியது, குலுங்கியது, ஓய்ந்துவிட்டது. இளைஞர் ஒருவரை எழுப்பி, அவருடைய இருசக்கர வண்டியில் சென்று சேர்வதற்குள் பெரியவர் நினைவிழந்திருந்தார். நோயில்பூசுதல் அளித்தோம். ஆனால் அவர் சொல்ல நினைத்ததைக் கேட்கும் பேறு நமக்கு வாய்க்கவில்லை. "வந்துட்டீங்களே சாமி, அது போதும்" என்றார் மகன். நமக்கு அது போதவில்லை.

மறுநாள் மெக்கானிக் வந்து, தீப்பொறி தரும் பிளக்குகள் அமர்ந்திருக்கும் குழிகளைக் காட்டினார். அவற்றில் நீர் தேங்கி நின்றது. துணியால் ஒற்றி, காற்றடித்து உலர்த்தியதும் எஞ்சின் உயிர்பெற்றது. "கழுவுறது தப்பில்லை சாமி, தண்ணிய எங்க விடுறோம்னு பாக்கணும்" என்றார் அவர்.

அப்படியாயின் எஞ்சினை அழுக்காகவே விட்டுவிடலாமா? கூடாது. தூய எஞ்சினில்தான் எண்ணெய்க் கசிவு உடனே கண்ணுக்குத் தெரியும். சருகும் பஞ்சும் எலிக்குக் கூடாகும். சூடான பாகத்தில் பட்டால் தீக்கும் இரையாகும். முன்கண்ணாடியின் அடியிலுள்ள வடிகால் துளைகளைச் சருகு அடைத்தால் மழைநீர் காருக்குள் புகும்.

முறை இதுதான். எஞ்சின் முற்றிலும் ஆறியிருக்க வேண்டும். வண்டியை எடுக்குமுன் காலைப்பொழுதே ஏற்றது. சூடான உலோகத்தில் குளிர்நீர் பட்டால் வெடிப்பு உண்டாகலாம், கையும் சுடும். சாவியை எடுத்துவிட்டு, கையேட்டைப் பார்த்து, பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றுக. கையுறையும் முகமூடியும் அணிக. எலியின் சிறுநீர் நோய் பரப்பும். முதலில் சருகையும் இழையையும் கையால் அகற்றி, தூசியை மென்மையான தூரிகையால் நீக்குக. ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி, கணினிப் பெட்டி, காற்று வடிகட்டியின் வாய், பிளக்கின் மேலுள்ள காயில்கள் ஆகியவற்றைப் பாலித்தீன் உறையால் மூடிக் கட்டுக.

பின்னர், நீரில் கரையும் பிசுக்கு நீக்கியைத் துணியில் நனைத்துத் துடைத்து, ஈரத்துணியால் மீண்டும் ஒற்றி எடுத்தாலே போதும். குழாயும் அழுத்த நீரும் வேண்டாம். அவை ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளையும் வளைத்துவிடும். சிலர் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ கொண்டு துடைப்பர். அது தீயை அழைப்பதாகும்; ரப்பர்க் குழாய்களும் கெடும். பாட்டரி முனையில் பூத்திருக்கும் வெண்பொடியைச் சமையல் சோடா கரைத்த நீர் தொட்ட தூரிகையால் நீக்கி, உலர்த்தி, வாசலின் தடவலாம்; கரைசல் பாட்டரிக்குள் இறங்கலாகாது. மின்சாரக் கார்களிலும் ஹைபிரிட் கார்களிலும் ஆரஞ்சு நிற உறையிட்ட கம்பிகளை அணுகவே வேண்டாம். அவற்றில் உயர் மின்னழுத்தம் பாயும். பிசுக்கு நீரைச் சாக்கடையில் விடாது பழந்துணியில் ஒற்றி எடுக்க வேண்டும். சாக்கடை சேருமிடம் நம் கண்மாய்தானே!

முடிவில் உறைகளை அகற்றி, துணி எதுவும் உள்ளே தங்கவில்லை என உறுதி செய்து, ஒருமணி நேரமாவது மூடியைத் திறந்து உலரவிடுக. பாட்டரியை இணைத்து, சில நிமிடம் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தபின்னரே பணி முடிந்ததாகக் கொள்க. நாம் செய்யத் தவறியது இக்கடைசிச் செயலையே. மாலையில் ஓட்டிப் பார்த்திருந்தால் இரவுக்குள் குறை தீர்ந்திருக்கும்.

2007 ஆம் ஆண்டு ஜூனில் திருப்பீடம் வாகனம் ஓட்டுவோருக்கெனப் பத்துக் கட்டளைகளை வெளியிட்டது. வாகனம் ஆதிக்கத்தின் அடையாளமாகலாகாது, இடருற்ற அயலாருக்கு உதவ வேண்டும் என்பன அவற்றுள் சில. வீட்டுக் காரும் அத்தகைய உதவிக்கே. பிள்ளைப்பேற்றுக்கு, நெஞ்சுவலிக்கு, நள்ளிரவு அழைப்புக்கு அது ஆயத்தமாக நிற்க வேண்டும். கிண்ணத்தின் உட்புறத்தையும் துலக்கச் சொன்னார் நம் ஆண்டவர். நாம் உட்புறத்தைத்தான் கழுவினோம். ஆனால் பார்வைக்காகக் கழுவினோம்.

இப்போதும் புதிய கார்களுக்குத் தீர்த்தம் தெளிக்கிறோம். தெளித்து முடித்ததும், "மூடிக்குள்ளேயும் இவ்வளவு தண்ணீர் போதும்" என்று சொல்லி அனுப்புகிறோம். அவர்கள் சிரிக்கிறார்கள். நாம் அந்தப் பெரியவரை நினைத்துக்கொள்கிறோம்.