காற்றின் கண்

'பிரித்தெழுதுக' என்னும் பயிற்சியைக் கண்டதும் நம் மாணவர் பலரின் முகம் வாடிவிடுகிறது. அது தமிழுக்கே உரிய தொல்லை என்று அவர்கள் எண்ணுகின்றனர். தாம் நன்கறிந்த ஆங்கிலச் சொற்களையும் அவ்வாறே பிரித்துப் பார்க்கலாம் என்று நாம் அவர்களுக்குக் காட்டியதில்லை. குறை நம்முடையதே.

'விண்டோ' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். ஒரே சொல்போல் தோன்றினும் அது ஒரு கூட்டுச்சொல். 9ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவிய மக்களின் பழைய நோர்ஸ் மொழியில் 'விண்டர்' என்றால் காற்று. 'அவுகா' என்றால் கண். இரண்டும் சேர்ந்தது 'விண்டவுகா', அதாவது காற்றின் கண். கண்ணாடி பதிக்காத அக்காலத் திறப்பின் வழியே முதலில் நுழைந்தது காற்றுத்தானே! 13ஆம் நூற்றாண்டளவில் அச்சொல் ஆங்கிலத்தில் வேரூன்றியது. அதற்கு முன் ஆங்கிலேயரிடம் சொல் இல்லாமலில்லை. 'கண்துளை' எனப் பொருள்படும் சொந்தச் சொல் இருந்து வழக்கொழிந்தது. அதில் துளையைக் குறித்த பகுதி மட்டும், மூக்குத்துளையைக் குறிக்கும் 'நாஸ்ட்ரில்' என்னும் சொல்லின் வாலில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பழந்தமிழில் இதன் பெயர் 'காலதர்'. இங்கே கால் என்பது நாம் நடக்கும் கால் அன்று, காற்று. அதர் என்பது வழி. சிலப்பதிகாரத்தில் புகார் நகர மாளிகைகளை வருணிக்கும் இளங்கோவடிகள், மானின் கண் போன்ற காலதர்களைக் காட்டுகிறார். காற்றும் கண்ணும் அங்கும் சேர்ந்தே நிற்கின்றன! 'பலகணி' என்னும் சொல்லிலும் கண் உண்டு. ஒருவரையொருவர் அறியாத இரு மக்கள், சுவரிலுள்ள ஒரு திறப்பைப் பார்த்து ஏறத்தாழ ஒன்றையே எண்ணியிருக்கின்றனர்.

நாம் வழங்கும் 'ஜன்னல்' போர்த்துக்கீசியச் சொல்லாயிற்றே, அதை விலக்க வேண்டாமா எனப் பெற்றோர் சிலர் வினவுகின்றனர். வேண்டியதில்லை என்பதே எம் கருத்து. அயலார் சொல்லை ஏற்றதனால் ஆங்கிலம் அழிந்துவிடவில்லை. ஆயினும், ஜன்னலை மட்டுமே அறிந்து காலதரை அறியாதவராய் நம் பிள்ளைகள் வளர்வதையும் யாம் ஏற்கோம். கண்துளைக்கு நேர்ந்தது காலதருக்கும் நேர்ந்துகொண்டிருக்கிறது.

எனவே, வருமாண்டில் 'பிரித்தெழுதுக' பாடத்தை 'விண்டோ'வில் தொடங்கிக் காலதரில் முடிக்குமாறு நம் ஆசிரியர்களை வேண்டுகிறோம். அதற்கு ஒரு வகுப்பில் பத்து நிமிடம் போதும்.