அற்பமானாலும் பிரயோஜனமே



வாரத்தில் 3 நாட்கள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம், டயாலிசிஸ் செய்துகொள்ளும் சகோதரர் ஒருவர் நம் சபையில் உண்டு. வீட்டார் அவரைத் தெருமுனைக் கடைக்குக்கூடப் போகவிடுவதில்லை. நானும் ஜெபித்து முடித்து, "பிரதர், அலையாமல் படுத்து இளைப்பாறுங்கள்" என்றே சொல்லிவந்தேன். ஒரு வருஷத்திற்குள் சபையின் மாடிப்படி ஏறவும் அவருக்குப் பெலனில்லை. நம்முடைய அன்பே அவரைப் படுக்கையில் கிடத்திற்றோ என்று என் இருதயம் குத்தப்பட்டது.

சிறுநீரகம் செயலிழந்தவரின் தசைகள் விரைவில் மெலிகின்றன. டயாலிசிஸின்போது இரத்தத்திலுள்ள அமினோ அமிலங்களும் ஓரளவு வெளியேறுகின்றன. அசையாதிருந்தால் மெலிவு இன்னும் பெருகும். உண்டபின் இரத்தத்தில் சேரும் சர்க்கரையில் பெரும்பங்கை ஏற்றுக்கொள்வது தசையே. ஆகவே தசை குறைந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகிறது. சர்க்கரை வியாதியினாலேயே சிறுநீரகத்தை இழந்தவருக்கு இது இரட்டைப் பாரம்.

2017-ல் வெளியான இத்தாலிய ஆய்வொன்றில், டயாலிசிஸ் செய்துகொள்வோர் 6 மாதங்கள் வீட்டிலிருந்தே எளிய நடைப்பயிற்சி செய்தனர். தொடக்கத்தில் 6 நிமிடங்களில் சராசரியாக 328 மீட்டர் நடந்தவர்கள், முடிவில் 367 மீட்டர் நடந்தார்கள். பயிற்சி செய்யாதவர்களிடம் அத்தகைய முன்னேற்றம் இல்லை.

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகையில் சரீர முயற்சியைத் தேவபக்திக்குக் கீழே வைத்தார், பயனற்றதென்று தள்ளிவிடவில்லை. நாமோ அவ்வசனத்தைச் சோம்பலுக்குச் சாக்காக்கினோம்.

ஆனாலும் ஞானம் தேவை. மருத்துவரின் அனுமதியோடே தொடங்குங்கள். ஃபிஸ்டுலா உள்ள கையால் பாரம் தூக்காதிருங்கள். டயாலிசிஸ் முடிந்து தலைசுற்றும் வேளையில் நடக்க வேண்டாம். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ கண்டால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் செல்லுங்கள். நடந்த தாகத்தில் தண்ணீரின் அளவை மீறாதிருங்கள். விசுவாசத்தின் பேரிலோ, பயிற்சியை நம்பியோ, டயாலிசிஸை ஒருபோதும் நிறுத்தாதிருங்கள்.

இப்பொழுது, மருத்துவரின் சம்மதத்தோடு, டயாலிசிஸ் இல்லாத மாலைகளில் சபையின் வாலிபத் தம்பி ஒருவர் அச்சகோதரரோடு 10 நிமிடம் நடக்கிறார். கடந்த ஞாயிறு அவர் கைப்பிடியைப் பற்றி, இருமுறை நின்று, மாடியேறி ஆராதனைக்கு வந்தார்.

பிரியமானவர்களே, உங்கள் சபையிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டல்லவா? அவர்களுக்காக முழங்காலில் நிற்பதோடு, அவர்களோடு சற்றே நடந்தும் செல்லுங்கள். கர்த்தர் தாமே உங்களைப் பெலப்படுத்துவாராக. ஆமென்.