அடைப்பு எடுக்க ஆள் கூப்பிடறதுக்கு முன்னாடி, ஒரு நிமிஷம்!

குடிநீர், கழிவுநீர் பற்றி சென்னையில் ஒரு கல்லூரி மாணவர்கள் வைத்திருந்த குட்டிக் கண்காட்சி அது. மொத்தமே நாலு மேஜைதான். கூட்டமெல்லாம் குடிநீர்ப் பக்கம். 1914-ல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்தின் படம், 2019 வறட்சியில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்குத் தண்ணீர் கொண்டுவந்த ரயிலின் படம் என்று செல்போன்கள் க்ளிக்கிக்கொண்டே இருந்தன.

மூலையில் இருந்த பாதாளச் சாக்கடை மாடலை யாருமே கண்டுக்கல. ஆனா, நீங்க கட்டாயம் பார்க்க வேண்டியது அதுதான்.

குடிநீரைக் குழாயில் தள்ளுவது அழுத்தம். கழிவுநீரோ பெரும்பாலும் சரிவை நம்பித்தான் ஓடுகிறது. நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் வேகமாவது இருந்தால்தான் கசடு அடியில் தங்காது. அதில் நாம போடற நாப்கின், வெட் வைப்ஸ், ஊத்தற பழைய எண்ணெய் எல்லாம் சேர்ந்தா? அடைப்புதான்!

அடைச்சா, உடனே 'ஆளைக் கூப்பிடு' என்போம். உள்ளே என்ன இருக்குன்னு தெரியுமா? ஹைட்ரஜன் சல்ஃபைடு. குறைந்த அளவில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. 'நாத்தம் இல்லையே' என்று இறங்குபவர் சில மூச்சிலேயே மயங்கிவிடலாம். காப்பாற்றக் குதிப்பவருக்கும் அதே கதிதான்.

பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஒருவரைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டுகள் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். வேலைக்கு அமர்த்தும் வீட்டுக்காரரும் தப்ப முடியாது. சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை 2023-ல் உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது.

சட்டம் இருக்கு, மெஷினும் இருக்கு. அப்புறமும் ஏன் ஆள் இறங்கறாங்க? ஆள் கூலி மலிவு. அவசரத்துக்கு உடனே வர்றதும் அவர்தான். அவர் எப்படி வேலை செய்யறார்னு நாமளும் கேக்கறதில்ல.

அடுத்த முறை உங்க வீட்டிலோ அப்பார்ட்மென்ட்டிலோ அடைப்பு வந்தா, 14420-க்கு போன் பண்ணுங்க. யார் வந்தாலும் ஒரே கேள்வி கேளுங்க: "மெஷினா, ஆளா?" ஆள்தான்னா, வேண்டாம்னு சொல்லிடுங்க. ஒரு நாள் நாத்தத்தை நம்மால பொறுத்துக்க முடியும்தானே?